கிணற்றடியில் முளைக்காத ஆரை

ஸுலைஹா ராத்தாவின் வீட்டுக்குப் போய்விட்டுத் தேத்தண்ணீர் குடிக்காமல் திரும்பியவர் எங்கள் ஊரான கனமூலையில் யாரும் இல்லை. மின்சார மீற்றர் பார்க்க வருகிறவர் மற்ற எல்லா வீட்டையும் முடித்துவிட்டு அந்த வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். அங்கே உட்கார்ந்தால் எழும்ப நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை முகவரி தவறி வந்த கோர்ட்டுக்காரர் ஒருவர்கூட பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்டியும் இரண்டு துண்டுத் தொதல் இனிப்பும் முடித்துவிட்டுத்தான் சரியான வீட்டைத் தேடிப் போனார். இந்த நல்ல குணம்தான் அந்த மனுசியைக் கவிழ்க்கப் பார்த்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

நான் ஜபார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ராத்தா என்றால் அக்கா, ஆனால் ஸுலைஹா ராத்தா எனக்குச் சொந்தம் இல்லை, நான்கு வேலி தள்ளி இருக்கிறவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் என்னைச் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு கிண்டல் என்பது அன்றன்றைய நிலைமையைப் பொறுத்தது.

ராத்தாவின் தொழில் ஆரைக்கீரை பறிப்பது. ஊருக்கு மேற்கே, தென்னந்தோட்டங்கள் முடிகிற இடத்தில் நாவலடி வில்லு இருக்கிறது. மழைத்தண்ணீர் தேங்குகிற இயற்கைப் பள்ளத்தை எங்கள் பக்கத்தில் வில்லு என்போம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது நிரம்பும். ஆவணியில் வெடித்துக் கிடக்கும். இடையில் தண்ணீர் ஏறி ஏறி இறங்குகிற அந்தக் கரையில்தான் ஆரை வரும். மெல்லிய தண்டு, அதன் நுனியில் கூட்டல் அடையாளம் போட்ட மாதிரி நான்கு சிற்றிலைகள். பொழுது சாய்ந்தால் நான்கும் கைகூப்பிக்கொள்ளும். பூவே பூக்காது. பூக்கிற வகைச் செடி இல்லை அது, பன்னம் என்கிற பெரணியின் இனம். வேலியோரத்தில் மஞ்சள் பூவோடு மூன்று இலை விட்டு வளரும் புளியாரையைப் பறித்துக்கொண்டு வந்து ஆரை என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ராத்தாவிடம் கேட்டுவிடாதீர்கள், காது புளித்துவிடும்.

கிழமையில் இரண்டு நாள் முந்தல் சந்தைக்குக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோவார். ஈர ஓலைக் கடகத்தோடு பஸ்ஸில் ஏறவிடாத கொண்டக்டர்கள் இரண்டு பேரை அவர் வாயாலேயே திருத்தியிருக்கிறார். கணவர் ஹிஸ்புல்லா காக்கா, அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம், உப்பளத்தில் வேலை செய்து முழங்கால் இரண்டும் போய்ப் பதினொரு வருடமாக வீட்டில் இருக்கிறார். மகள் இல்மா குருநாகலில் தாதிப் பயிற்சி முடித்து இப்போது வேலையில் இருக்கிறாள். அந்த வீட்டில் எரிந்த அடுப்பு, இல்மா போட்ட வெள்ளை உடுப்பு எல்லாம் அந்த வில்லுக் கரையில் குனிந்து நிமிர்ந்து வந்தவை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பறித்த ஆரை ஒரு மணி நேரத்தில் வாடித் தலையைத் தொங்கப்போட்டுவிடும். அதனால் ராத்தா வில்லின் ஓரத்திலிருந்து கொஞ்சத்தைச் சேற்றோடு, வேரோடு பெயர்த்து வந்து, தன் வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் ஓடும் ஈர மண்ணில் அழுத்தி வைப்பார். சந்தை நாள் காலையில் அங்கிருந்து கிள்ளிக் கட்டினால் பச்சை மாறாது. சவர்க்காரத் தண்ணீர் பட்டு இரண்டு கிழமையில் அது மஞ்சளடித்துப் போகும். பிறகு புதிதாகக் கொண்டுவந்து வைப்பார். ஆரை பறிக்கிற எல்லாப் பெண்களும் இப்படித்தான் செய்வார்கள். தெரியாத ஒருவர் வந்து பார்த்தால், அது அங்கேயே முளைத்து வளர்ந்தது என்று சத்தியம் செய்வார்.

போன வருடம் தை மாதக் கடைசியில் அப்படி மூன்று பேர் வந்தார்கள்.

வில்லையும் அதைச் சுற்றிய அரசாங்கக் காணியையும் குத்தகைக்கு எடுத்து இறால் குளம் வெட்ட ஒரு கம்பனி விண்ணப்பித்திருந்தது. காணியில் என்ன இருக்கிறது, என்ன முளைக்கிறது என்று பார்த்து எழுத ஓர் ஆய்வுக் குழுவைப் பிடித்திருந்தார்கள். தலைவர் அல்பேட் சேர், ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகத்தர், மடிப்புக் கலையாத காற்சட்டைக்காரர். ஷானிகா, தாவரங்கள் படித்த பெண், சிலாபத்துப் பக்கம் ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. நிலுக்சன், இடம் குறிக்கும் கருவியோடு திரிகிறவன். மூன்று பேரும் தமிழ் பேசுகிற எங்கள் கரையோரத்து ஆட்கள். பாஷை தெரியாமல் நடந்த பிழை என்று நாளைக்கு யாரும் சாக்குச் சொல்லக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவர்களை ராத்தாவின் வீட்டுக்குக் கூட்டிப் போனவன் நான்தான். வேன் போகும் பாதை அங்கேதான் முடிகிறது, வில்லைப் பற்றி அவரைப்போலச் சொல்ல ஆளும் இல்லை. அறிக்கையில் என் பெயர் வரும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்.

ராத்தா நான்கு பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்து முற்றத்தில் போட்டார். வில்லுக்குப் போக வேண்டும் என்று ஷானிகா சொன்னதும் அவர் பதறிப்போனார். மழை விட்டு மூன்று நாள்தான் ஆகிறது, சேறு முழங்காலுக்கு வரும், புதுச் சப்பாத்து, வெள்ளை உடுப்பு, வந்த இடத்தில் விழுந்து எழும்பினால் எனக்குத்தானே வெட்கம் என்று அடுக்கிக்கொண்டு போனார். பிறகு கிணற்றடியைக் காட்டினார்.

“வில்லில இருக்கிற ஆரை இதுதான் மகள். நீங்க ஏன் சேத்தில இறங்கணும்? இங்க இருந்தே பாருங்க. நான் தேத்தண்ணி வெக்கிறன்.”

ஷானிகா குந்தி இருந்து பார்த்தாள். இலையை எண்ணினாள், தண்டை அளந்தாள், படம் பிடித்தாள். விஞ்ஞானப் பெயரைச் சட்டென்று சொன்னாள், அது சரியான பெயர். நிலுக்சன் கருவியைக் கிணற்றுக் கட்டில் வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டான். நாலு இலை உள்ள இப்படியான செடி கிடைத்தால் வெளிநாட்டில் அதிர்ஷ்டம் என்பார்களாம் என்று சொல்லி, அதோடு தன்னையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான். அதிர்ஷ்டம் எனக்கு முதுகில் வலிக்கிறது என்றார் ராத்தா. எல்லோரும் சிரித்தோம். தொதல் வந்தது. பிளேன்டி வந்தது. அல்பேட் சேர் மணிக்கூட்டைப் பார்த்தார், அவருக்குச் சிலாபத்தில் பகல் சாப்பாடு சொல்லி வைத்திருந்தது. போகிற வழியில் தோட்டத்து வேலியில் நின்று வில்லின் பக்கமாக இரண்டு படம் எடுத்தார்கள். வேலியில் நின்றால் மேட்டுப் புல் தெரியும், தண்ணீர் தெரியாது.

படலை வரைக்கும் வந்து வழியனுப்பிய ராத்தாவுக்கு மனம் நிறைந்த சந்தோஷம். ஒரு சொட்டுச் சேறு படாமல் விருந்தாளிகளை அனுப்பிவிட்டார்.

நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாம் கிழமை, அந்த அறிக்கை பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். தடித்த புத்தகம், வழுவழுப்பான அட்டை. நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் இருந்தது. ‘திரு. ஜபார், விஞ்ஞான ஆசிரியர்’. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். பிறகு தாவரங்களின் பட்டியலுக்கு வந்தேன்.

ஆரைக்கு நேரே, வாழிடம் என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: ‘வீட்டுக் கிணற்றின் கழிவுநீர் ஓரம். மனித நடமாட்டத்தால் பரவிய களை.’ அடுத்த பக்கத்தில் நாவலடி வில்லு: ‘தரிசு நிலம். நீர்நிலைக்குரிய தாவரம் எதுவும் அவதானிக்கப்படவில்லை.’

அவதானிக்கப்படவில்லை. வேலியில் நின்றவனுக்கு என்ன அவதானிக்கப்படும்? அங்கே காலே வைக்காமல் எழுதிய வசனத்தில் பொய் என்று பிடிக்க ஒரு சொல்லும் இல்லை பாருங்கள், அதுதான் என் இரத்தத்தைக் கொதிக்க வைத்தது. நீர்நிலை என்றால் அதைத் தொடச் சட்டம் விடாது. தரிசு என்றால் மண்வெட்டும் இயந்திரம் மறுநாளே வரும். உப்புத்தண்ணீரைக் குழாயில் இழுத்துவிட்டால் அதன் பிறகு அந்த மண்ணில் ஆரையும் இல்லை, ஆரை பறிக்கிற மனுசியும் இல்லை. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். நான் பார்த்தபோது ஒன்பது நாள் போய்விட்டது.

நேரே ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். அந்த இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து வந்திருந்தேன், சத்தமாக வாசித்தேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை மெதுவாகக் கீழே வைத்தார். கழிவுநீர் என்ற இடத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

ராத்தா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. எழும்பிப் போய்க் கிணற்றடியில் இருந்த ஆரை முழுவதையும் இரண்டு கையாலும் பிடுங்கினார். வேரும் சேறுமாகக் கடகத்தில் எறிந்தார். மறுநாள் சந்தைக்கு வைத்திருந்தது அது. மண்ணைக் காலால் மிதித்து மட்டப்படுத்தினார்.

“என்ட கதிரையில இருந்து, என்ட தொதலத் தின்டுட்டு, என்ட வில்ல தரிசுன்னு எழுதியிருக்காங்க,” என்றார். “நான்தான் சேர் போக வேணாம்னு சொன்னன். நான்தான் சொன்னன்.”

அதைக் கேட்டபோது எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. விருந்தாளி சேற்றில் விழக்கூடாது என்று நினைப்பது ஒரு குற்றமா? வீட்டுக்காரி ஆயிரம் சொல்லட்டும், பார்த்து எழுதுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் எழும்பி நடக்க வேண்டாமா? அன்றே வீட்டுக்குப் போய் ஐந்து பக்கத்தில் ஓர் ஆட்சேபக் கடிதம் எழுதினேன். அதில் நான் விட்ட அம்பு கொஞ்சநஞ்சமல்ல. படித்தவர்களின் பொறுப்பு, அதிகாரிகளின் சோம்பேறித்தனம், நீர்நிலைகளின் பெருமை என்று பாடப்புத்தகத்திலிருந்து பத்தி பத்தியாக எடுத்துப் போட்டேன். மறுநாள் அதை ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்.

“சேர், நீங்க வில்லுக்கு எத்தின தரம் போயிருக்கீங்க?”

நான் கையிலிருந்த தாளை மடித்தேன். அந்த ஊரில் பிறந்தவன், நான்கு வேலி தள்ளி இருக்கிறவன், பத்தொன்பது வருடமாகத் தாவரங்களும் வாழிடங்களும் என்று கரும்பலகையில் எழுதி வருகிறவன். சின்ன வயதில் மாடு தேடி ஒருமுறை கரை வரைக்கும் போயிருப்பேன். அவ்வளவுதான். ஆரையைக் கீரைச் சுண்டலாகத் தெரியும், பருப்புக் கறியில் தெரியும், படத்தில் தெரியும். அன்றைக்கு முற்றத்தில் போட்ட நான்காவது கதிரையில் இருந்து பிளேன்டி குடித்தவன் நான்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

“அவங்க வெளி ஆக்கள்,” என்றார் ராத்தா.

அடுத்த நாள் காலை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் போனேன். சித்திரை மழை இரண்டு பெய்திருந்தது. தோட்டத்து வேலியைத் தாண்டி, மேட்டுப் புல்லைத் தாண்டி இறங்கினால், கண்ணுக்கு எட்டிய மட்டும் வில்லைச் சுற்றி ஒரு பச்சை வளையம். ராத்தா சேற்றுக்குள் கால் வைத்தபடியே ஒவ்வொன்றாகக் காட்டினார். தண்ணீர் ஆழமான இடத்தில் ஆரையின் தண்டு நீண்டுபோய் இலை மட்டும் மேலே மிதக்கிறது. தண்ணீர் கணுக்காலுக்கு வருகிற இடத்தில் இலை எழும்பி நிற்கிறது. தண்ணீர் வடிந்த சேற்றில் குட்டையாக, நெருக்கமாக, தண்டின் அடியில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புக் காய்களோடு இருக்கிறது. அந்தக் காய்தான் வெடித்த மண்ணுக்குள் கோடை முழுக்கக் கிடந்து மழைக்கு முளைக்கும் என்றார். மேட்டில் கால் வைத்தால் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் எது வரைக்கும் வந்து போகிறதோ அது வரைக்கும்தான் அதன் வீடு, ஒரு முழம் தள்ளி வராது.

கிணற்றடி ஆரையில் காயே பிடிக்காது என்பதையும் அன்றுதான் சொன்னார். வைத்த இடத்தில் அது காய்க்கும் வரைக்கும் உயிரோடு இருப்பதில்லை.

ஐந்து பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். ஒரு பக்கத்தில் எழுதினேன், நான் பார்த்ததை மட்டும். கிணற்றடியில் இருந்தது பறித்து வைத்த கீரை, குழுவினர் வில்லுக்குள் போகவில்லை, போகாததற்கு நானும் சாட்சி, திரும்ப வந்து பார்க்க வேண்டும். கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே ராத்தாவின் கையெழுத்து, அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்துவிட்டது. பதிவுத் தபாலில் அனுப்பாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை குத்தி வாங்கினேன்.

பதில் வந்தது. மே மாதம் இரண்டாம் கிழமை குழு மீண்டும் வரும். ஆனால் அதற்கு முன்னால் அல்பேட் சேரிடமிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மிகவும் அன்பாகத்தான் கதைத்தார். சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிவிட்டீர்களே, அந்தச் செடி எங்கே முளைத்தால் என்ன, வயற்காட்டில் எல்லாம் இருக்கிற களைதானே, கம்பனி வந்தால் ஊர்ப் பெண்களுக்கு இறால் தரம் பிரிக்கிற வேலை கிடைக்கும் என்றார். அந்த அம்மாவின் தொதலை இன்னும் மறக்கவில்லை என்றும் சொன்னார். போனை வைத்த பிறகு எனக்குக் காது சுட்டது. ஒருவருடைய சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டு அவருடைய பலகாரத்தைப் புகழ்கிற அந்த மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ராத்தாவிடம் சொன்னேன். தொதல் என்றதும் அவருடைய உதடு ஒரு பக்கம் கோணியது. வரட்டும் என்றார். தேத்தண்ணீர் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். வீட்டுக்கு வருகிற ஆளுக்குத் தேத்தண்ணீர் கொடுக்காமல் விட்டால் தன் உம்மா கபுறிலிருந்து எழும்பி வந்துவிடுவா என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுக்குப் பச்சைத் தண்ணீரும் கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி. அன்று மனவருத்தத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

குழு வருகிற நாள் காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது ராத்தாவின் முற்றத்தில் ஒரு கதிரைகூட இல்லை. அடுப்பு அணைந்து குசினிக் கதவு பூட்டியிருந்தது. கிணற்றடி சுத்தமாகக் கூட்டிக் கிடந்தது, ஓர் இலைகூட இல்லை. ஹிஸ்புல்லா காக்கா மட்டும் வாசலில் பாயில் இருந்தார். விடிந்ததிலிருந்து மூன்று நடை போய் வந்துவிட்டாள் என்று சொல்லிச் சிரித்தார்.

வேன் வந்தது. அல்பேட் சேர் இறங்கி முற்றத்தைப் பார்த்தார், கதிரை இருந்த இடத்தைப் பார்த்தார்.

“அவ வில்லில இருக்கா. தேத்தண்ணியும் அங்கதான்,” என்றார் ஹிஸ்புல்லா காக்கா.

ஷானிகா சப்பாத்தைக் கழற்றி வேனுக்குள் எறிந்தாள். நிலுக்சனும் கழற்றினான். அல்பேட் சேர், தான் இங்கே நின்று பழைய குறிப்புகளைச் சரிபார்ப்பதாகச் சொல்லி முருங்கை நிழலில் ஒதுங்கினார். நாங்கள் மூன்று பேரும் போனோம்.

மேட்டுப் புல்லைத் தாண்டி இறங்கியதும் நான் அப்படியே நின்றுவிட்டேன். கரைச் சேற்றில், பச்சை வளையத்தின் நட்ட நடுவில், ஆரை சுற்றிவர, அதே நான்கு பிளாஸ்டிக் கதிரைகள். கால்கள் அரை அடி புதைந்திருந்தன. ஒரு பலகைக் கட்டையின் மேல் சுடுதண்ணிப் போத்தல், மூடிய தட்டில் தொதல், நான்கு கோப்பை. பக்கத்தில் ராத்தா, நல்ல உடுப்பு உடுத்து, முக்காட்டை இறுக்கிப் போட்டு, முழங்கால் வரைக்கும் சேறு. கலியாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்று, வாங்க, வாங்க என்றார். அவருடைய கண்ணில் மட்டும் சிரிப்பு இல்லை.

ஷானிகா கதிரையில் உட்காரவில்லை. தண்ணீருக்குள்ளும் சேற்றுக்குள்ளும் மேட்டிலுமாக ஒரு மணி நேரம் நடந்தாள். கயிறு பிடித்து அளந்தாள். நிலுக்சன் ஒவ்வொரு பத்தடிக்கும் கருவியைத் தூக்கிப் பிடித்தான். இந்த முறை அதிர்ஷ்டப் படம் எடுக்கவில்லை. கடைசியில் ஷானிகா ஒரு கொத்தை வேரோடு எடுத்துக் கழுவி, அடியில் இருந்த கறுப்புக் காய்களை உள்ளங்கையில் உதிர்த்தாள்.

“கிணத்தடியில இந்தக் காய் ஒண்டுகூட இருக்கேல்ல அன்ரி,” என்றாள். “நான் அப்பவே யோசிச்சிருக்க வேணும்.”

“யோசிக்க விட்டாங்களா மகள்? சாப்பாட்டுக்கு நேரம் போகுதுன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்களே,” என்றார் ராத்தா. பிறகு கோப்பையை நீட்டினார். ஷானிகா சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். அவளுடைய முகம் கறுத்திருந்தது. நான் அவள்மேல் இரக்கப்படவில்லை, இப்போதும் படமாட்டேன். ஆனால் அவள் அன்று பொய்ச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததைக் கடதாசி மொழியில் சொன்னால் இரண்டு வரி. திருத்திய அறிக்கையில் நாவலடி வில்லு பருவகால நீர்நிலை என்று வந்தது. கம்பனி அந்தத் துண்டை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. எந்தப் பக்கம், அங்கே யாருடைய கிணற்றடியைப் பார்த்து என்ன எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அது தெரியாமல் இருப்பது எனக்கு நிம்மதியாக இல்லை. திருத்திய அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். ராத்தாவின் பெயரைப் போடச் சொன்னேன், போடவில்லை.

ஆனால் அந்தக் காலை இன்னும் முடியவில்லை. நாங்கள் மூன்று பேரும் குடித்து முடித்தோம். நான்காவது கோப்பை கவிழ்த்தபடி இருந்தது. வெயில் ஏறிவிட்டது, திரும்புவோம், சேர் வீட்டில் காத்திருப்பார் என்றான் நிலுக்சன். போத்தலை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு அங்கேயே ஊற்றிக் கொடுத்தால் என்ன என்று நானும் கேட்டேன். எனக்கும் பழக்கதோஷம். ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். போத்தலுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

காத்திருந்தோம். ஆகக் கடைசியில் மேட்டில் ஒரு தலை தெரிந்தது. அல்பேட் சேர். நிழல் விலகிப்போய்விட்டதோ, தாகமோ, தனியே நிற்க வெட்கமோ, எனக்குத் தெரியாது. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மடிப்புக் கலையாத காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். பாதி வழியில் ஒரு கால் புதைந்தது. யாரும் கை கொடுக்கப் போகவில்லை. தானே பிடுங்கிக்கொண்டு வந்தார்.

ராத்தா நான்காவது கதிரையைத் துடைத்தார். இருக்கச் சொன்னார். அவர் உட்கார்ந்ததும் கதிரை இன்னும் நான்கு விரல் கீழே இறங்கியது, ஆரை இலைகள் அவருடைய கெண்டைக்காலைத் தொட்டன. ராத்தா கோப்பையை நிமிர்த்தி, நிறைய ஊற்றி, தொதல் தட்டையும் சேர்த்து இரண்டு கையாலும் நீட்டினார். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். வெற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு, அவர் மடியில் இருந்த குறிப்புப் புத்தகத்தைக் காட்டினார்.

“இப்ப எழுதுங்க சேர். போன தரமும் தேத்தண்ணி குடிச்ச எடத்தத்தானே எழுதினீங்க.”